கொடுத்த சீட்டை ரத்து செய்யவும் தெரிய வேண்டும்



நம் தொழிலில் சீட்டு என்பது புதிய விஷயம் அல்ல. கிடங்கில் சரக்கு எடுக்க ஒரு சீட்டு, எடை மேடையில் ஒரு சீட்டு, லாரி ஆபீசில் ஒரு சீட்டு, பற்று வைத்து வாங்குகிறவர் கையில் ஒரு சிறு நோட்டு. இப்படிச் சீட்டை நம்பித்தான் வியாபாரம் நடக்கிறது. சீட்டைக் கொடுப்பது சுலபம். கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்குவதும், வாங்க முடியாதபோது அதைச் செல்லாததாக ஆக்குவதும்தான் கஷ்டம். செல்லாமல் போயிருக்க வேண்டிய பழைய சீட்டு வேறு ஒருவர் கையில் கிடைத்தால் என்னவாகும் என்பது நம்மில் யாருக்கும் தெரியாதது அல்ல.

கம்ப்யூட்டரும் இதே போல ஒரு சீட்டுக் கொடுக்கிறது. அதற்குக் குக்கீ என்று பெயர். பெயரைக் கேட்டால் பேக்கரிச் சரக்கு போல இருக்கும். ஆனால் அந்தச் சீட்டைச் சரியாக ரத்து செய்யாததால், முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு வாடிக்கையாளரை நான் இழக்க இருந்தேன். நம் பள்ளத்தாக்கில் இன்று கம்ப்யூட்டர் இல்லாத வியாபாரம் குறைவு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலமே 2007 முதல் கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி, 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் என்று சிறு கடைக்காரரும் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டியதாகிவிட்டது. ஆகவே எனக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கும் நேரலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மொத்தக் கடைக்கு இணையத்தில் ஒரு ஆர்டர் பக்கம் போட்டோம். வெளியூர் நிறுவனம் ஒன்று செய்து கொடுத்தது. ஆண்டிபட்டியிலிருந்து கூடலூர் வரை உள்ள நம் சில்லறைக் கடைக்காரர்கள் அவரவர் பெயரில் உள்ளே நுழைந்து, வேண்டிய சரக்கைக் குறித்தால் போதும். மறுநாள் வண்டி போய்விடும். போனில் கேட்டு எழுதும்போது வரும் தவறுகள் குறைந்தன. எனக்கும் திருப்தி.

உத்தமபாளையம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், தன் போன் பழுதாகியிருந்த சமயம், ஜெராக்ஸ் கடையில் உள்ள கம்ப்யூட்டரில் ஆர்டர் போட்டார். முடித்ததும் பொறுப்பாக ‘வெளியேறு’ என்ற பொத்தானை அழுத்தினார். ‘நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்’ என்று திரையில் எழுத்தும் வந்தது. அவர் செய்ய வேண்டியதை அவர் செய்துவிட்டார்.

அடுத்த வாரம் அவர் பெயரில் இன்னொரு ஆர்டர் வந்தது. 10 டின் பாமாயில், 4 மூட்டை துவரம் பருப்பு, 2 மூட்டை சீனி. ஏறக்குறைய 48,000 ரூபாய்ச் சரக்கு. எங்கள் வண்டி போனபோது அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடைப் பையன் இறக்கி வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான். மறுநாள் அவர் போன் செய்தார். “அண்ணே, இந்தச் சரக்கை நான் கேட்கவே இல்லையே” என்றார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவர் பெயர், அவர் கணக்கு, தேதி, நேரம் எல்லாம் இருந்தன. “உங்கள் பெயரில்தானே வந்திருக்கிறது, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?” என்று கேட்டுவிட்டேன். சந்தை விலை அந்த வாரம் இறங்கியிருந்ததால், விலை இறங்கியதைப் பார்த்து மறுக்கிறார் என்றே என் மனதில் பட்டது. அதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர் மறு பேச்சுப் பேசவில்லை. சரக்கை வைத்துக்கொண்டு பணத்தை இரண்டு தவணையில் அனுப்பினார். அதன் பிறகு ஆர்டர் வரவில்லை. அவர் அப்பா காலத்திலிருந்து எங்களிடம் வாங்கியவர்கள், வேறு மண்டிக்குப் போய்விட்டார்கள்.

பத்து நாள் கழித்துப் பக்கத்து ஊரிலிருந்து வேறொரு கடைக்காரர் போன் செய்தார். “ஐயா, உங்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில் பாமாயில், பருப்பு, சீனி கேட்டிருந்தேனே, இன்னும் வண்டி வரவில்லையே?” என்றார். எண்ணிக்கை எல்லாம் அதே எண்ணிக்கை. எங்கே உட்கார்ந்து போட்டீர்கள் என்று கேட்டேன். அதே ஜெராக்ஸ் கடை. “பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. பக்கத்தைத் திறந்ததும் ஆர்டர் படிவம் வந்தது. எல்லோருக்கும் பொதுவானது என்று நினைத்து எழுதினேன்” என்றார். மூலையில் சிறிய எழுத்தில் இருந்த முந்தியவரின் பெயரை அவர் கவனிக்கவில்லை. அவரும் நாணயமானவர், இவரும் நாணயமானவர். இடையில் ரத்தாகாத ஒரு சீட்டுதான் இருவர் கணக்கையும் குழப்பிவிட்டது.

குக்கீ என்பது யாது?

கம்ப்யூட்டர் படித்த என் தம்பி மகன் வந்து பார்த்து எனக்கு விளக்கினான். நான் புரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன்.

இணையத்தில் பக்கங்களைத் தரும் தாய்க் கம்ப்யூட்டருக்குச் சர்வர் என்று பெயர். நாம் பார்க்கும் பக்கம் குரோம், பயர்பாக்ஸ் போன்ற பிரவுசரில் திறக்கிறது. இந்தச் சர்வருக்கு இயல்பாக ஞாபக சக்தி கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டு, அடுத்த நிமிடம் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் அதற்கு நீங்கள் புது ஆள்தான். பருப்பைக் கேட்டவரும் சீனியைக் கேட்டவரும் ஒருவர்தானா என்று அதற்குத் தெரியாது. இப்படியிருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்?

இதற்காக 1994இல் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி என்ற இளைஞர் ஒரு வழி கண்டார். இணையத்தில் கடை நடத்தும் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டிருந்த காலம் அது. வாடிக்கையாளர் கூடையில் என்ன போட்டார் என்பதைச் சர்வரில் சேர்த்து வைக்காமல், அந்தக் குறிப்பை வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரிலேயே ஒரு சீட்டாக வைத்தால் என்ன என்பதே அவர் யோசனை. ஒவ்வொரு முறை வரும்போதும் பிரவுசர் அந்தச் சீட்டைக் காட்டும், சர்வர் அடையாளம் கண்டுகொள்ளும். கம்ப்யூட்டர்காரர்களிடையே முன்பே புழங்கிய ‘மேஜிக் குக்கீ’ என்ற சொல்லிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். ஆக, குக்கீ பிறந்ததே கடைக்காரனுக்காகத்தான் என்று சொன்னால் தவறில்லை.

சீட்டு ஒவ்வொன்றும் சுமார் 4,000 எழுத்துக்குள் அடங்கும். அதில் ஒரு பெயர் இருக்கும், ஒரு மதிப்பு இருக்கும், எந்த இணைய முகவரிக்கு உரியது, அதில் எந்தப் பகுதிக்குச் செல்லும், எந்தத் தேதி வரை செல்லும் என்பன இருக்கும். தேதி எழுதாத சீட்டு பிரவுசரை மூடும்வரைதான் என்பது பொது விதி. தேதி எழுதிய சீட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அந்தத் தேதி வரை இருக்கும். ‘என்னை நினைவில் வை’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் டிக் செய்தால் கிடைப்பது இந்த நீண்ட நாள் சீட்டு. எங்கள் பக்கத்தில் ஓராண்டுக்கான சீட்டு, அதுவும் கேட்காமலேயே கொடுக்கும்படி செய்து வைத்திருந்தார்கள்.

சர்வரால் அழிக்க முடியாது, சொல்லத்தான் முடியும்

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சீட்டு இருப்பது வாடிக்கையாளர் வீட்டில். நம் சர்வர் அங்கே போய்க் கிழித்துப் போட முடியாது. பிறகு எப்படி ரத்து செய்வது?

அவர் அடுத்த முறை வரும்போது, அதே பெயரில் வேறொரு சீட்டைக் கொடுக்க வேண்டும். அதில் மதிப்பு காலியாக இருக்க வேண்டும், தேதி என்றோ முடிந்துபோன தேதியாக இருக்க வேண்டும். ஒரே பெயரில் புதுச் சீட்டு வந்தால் பிரவுசர் பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கும். புதியதன் தேதி முடிந்துவிட்டதால் அதையும் உடனே குப்பையில் போட்டுவிடும். இரண்டும் ஒழிந்தன.

1995இல் வெளிவந்து இன்றும் ஏராளமான கடைப் பக்கங்களுக்கு ஆதாரமாக இருக்கும் பிஎச்பி என்ற மொழியில் சீட்டு கொடுக்கவும் அதை அழிக்கவும் ஒரே கட்டளைதான். ‘செட்குக்கீ’ என்று அதற்குப் பெயர். அழிப்பதற்கென்று தனிக் கட்டளை இல்லை. கொடுக்கும்போது வருங்காலத் தேதி, அழிக்கும்போது கடந்தகாலத் தேதி, அவ்வளவே வித்தியாசம். பெரும்பாலும் 1970 ஜனவரி 1 என்ற தேதியைப் போடுவார்கள். கம்ப்யூட்டர்கள் பலவற்றில் காலக் கணக்கு தொடங்குவது அந்த நாளிலிருந்துதான். மற்ற மொழிகளில் கட்டளையின் பெயர் மாறலாம், உள்ளே நடக்கும் வேலை இதுவே.

எங்கே தவறு நடக்கிறது?

முதலாவது, சீட்டின் பகுதி பொருந்தாமை. எங்களுக்கு நேர்ந்தது இதுதான். சீட்டைக் கொடுத்தபோது ‘கடை முழுவதற்கும் செல்லும்’ என்று கொடுத்திருக்கிறார்கள். ‘வெளியேறு’ என்ற பக்கமோ உள்ளே கணக்கு என்ற தனிப் பகுதியில் இருந்தது. அங்கிருந்து ரத்துச் சீட்டு எழுதும்போது, எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடவில்லை. குறிப்பிடாவிட்டால், இருக்கும் பகுதிக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். பிரவுசரைப் பொறுத்தவரை ‘கடை முழுவதற்கும்’ என்ற சீட்டும் ‘கணக்குப் பகுதிக்கு மட்டும்’ என்ற சீட்டும் வெவ்வேறு. இல்லாத சீட்டை ரத்து செய்தார்கள், இருந்த சீட்டு அப்படியே நின்றது. திரையில் மட்டும் ‘வெளியேறிவிட்டீர்கள்’ என்று வந்தது. பெயர், முகவரி, பகுதி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் ரத்து செல்லும்.

இரண்டாவது, நேரம் தவறிச் சொல்வது. சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது மேலே உறை, உள்ளே சரக்கு என்று அனுப்புகிறது. குக்கீ பற்றிய உத்தரவு உறையின் மேல் எழுதப்பட வேண்டும். சரக்கு ஏற்றிய லாரி புறப்பட்ட பிறகு பில்லில் திருத்தம் எழுதி என்ன பயன்? பக்கத்தின் ஓர் எழுத்து முன்னால் போய்விட்டாலும் பிறகு வரும் ரத்து உத்தரவு போய்ச் சேராமல் நின்றுவிடும்.

மூன்றாவது, கடிகாரம். பழைய கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டால் அது என்றோ ஒரு தேதியைக் காட்டும். நம் ஊர்களில் இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் உண்டு. சர்வர் ‘ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிந்தது’ என்று எழுதி அனுப்பினால், பழைய தேதியில் ஓடும் கம்ப்யூட்டருக்கு அது இனி வரப்போகும் நாளாகத் தெரியலாம். அதனால்தான் 1970 என்று மிகவும் பின்னால் போகிறார்கள். அதோடு ‘ஆயுள் பூஜ்யம்’ என்று ஒரு குறிப்பையும் சேர்ப்பது இன்னும் நல்லது. அதற்குத் தேதியே வேண்டாம். இரண்டும் எழுதியிருந்தால் ஆயுள் குறிப்பையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2011இல் வெளியான குக்கீ விதிமுறை சொல்கிறது.

நான்காவதுதான் பெரியது. சீட்டை ரத்து செய்தவர்கள் பேரேட்டைத் திருத்தாமல் விட்டுவிடுவது. வாடிக்கையாளர் கையில் உள்ளது சீட்டு, சர்வரில் உள்ளது பேரேடு. ‘இந்த எண் சீட்டு இன்னார் பெயருக்கு’ என்று பேரேட்டில் பதிந்திருக்கும். பிரவுசர் சீட்டைக் குப்பையில் போட்டாலும், முன்பே அதை நகல் எடுத்து வைத்தவன் ஒருவன் இருந்தால் அந்த எண்ணைக் கொண்டு உள்ளே வரலாம். பேரேட்டிலும் அந்த எண்ணை அடித்துவிட்டால் யார் கொண்டு வந்தாலும் செல்லாது. பேரேட்டை மட்டும் அடித்துச் சீட்டை விடுவதும் அரைகுறை வேலை. எங்கள் பக்கத்தில் அன்றாடச் சீட்டுக்குப் பேரேட்டில் ரத்து இருந்தது, ஓராண்டுச் சீட்டுக்கு இல்லை. ஆகவே அது மறுபடியும் கதவைத் திறந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துச் செய்வதே முறை.

சரி செய்ய ஆன நேரம் அரை மணிக்கும் குறைவு. பகுதியைக் குறிப்பிட ஒரு வரி, பேரேட்டை அடிக்க இன்னும் சில வரிகள். “பெரியப்பா, திரையில் வந்த எழுத்தை நம்பியிருக்கிறார்கள், சீட்டுப் போனதா என்று ஒருவரும் பார்க்கவில்லை” என்றான் தம்பி மகன். அந்த நிறுவனத்தாரைச் சொல்லுவானேன், நானும் அப்படித்தானே இருந்தேன்!

பக்கம் செய்து கொடுப்பவரிடம் கேட்க வேண்டியவை

கடைக்கு இணையப் பக்கம் போடுகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் சில கேள்விகளைக் கேட்டு, எதிரிலேயே செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

1. வெளியேறிய பிறகு பிரவுசரை மூடித் திறந்து, அதே முகவரிக்குப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறதா? இந்தச் சோதனையை நாமே செய்யலாம். நான் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

2. பாஸ்வேர்டை மாற்றினால், மற்றக் கம்ப்யூட்டர்களிலும் போன்களிலும் இருக்கும் பழைய சீட்டுகள் எல்லாம் செல்லாமல் போகின்றனவா? வேலையை விட்டுப் போன ஆளின் போனில் நம் கடைக் கணக்கு திறந்தே இருந்தால் பாஸ்வேர்டு மாற்றி என்ன பயன்?

3. ‘எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற பொத்தான் உண்டா?

4. நீண்ட நாள் சீட்டு எத்தனை நாளுக்கு? கேட்காமல் கொடுக்கிறார்களா? குரோம் பிரவுசர் 2022 முதல் 400 நாளுக்கு மேல் எந்தச் சீட்டையும் வைத்திருப்பதில்லை. நமக்கு ஒரு வாரம் போதுமே!

5. அடையாளச் சீட்டைப் பக்கத்தில் ஓடும் பிற நிரல்கள் தொட முடியாதபடி செய்திருக்கிறார்களா? அப்படிச் செய்த சீட்டைப் பக்கத்தில் ஓடும் நிரலால் படிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. சர்வர்தான் ரத்துச் சீட்டு அனுப்ப வேண்டும். ஆகவே சர்வர் வேலை சரியாக இருப்பது இன்னும் அவசியம்.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியவை

பிறர் கம்ப்யூட்டரில் ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, ஆர்டர் எதைத் திறந்தாலும் தனி ஜன்னலில் திறக்க வேண்டும். குரோமில் அதற்கு இன்காக்னிட்டோ என்று பெயர். அந்த ஜன்னல்களை எல்லாம் மூடினால் அதில் வாங்கிய சீட்டுகள் போய்விடும். ‘என்னை நினைவில் வை’ என்ற கட்டத்தைத் தொடக் கூடாது. சாதாரண ஜன்னலில் திறந்துவிட்டால், கண்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் என்ற மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் துடைக்கும் பெட்டி வரும். அதில் குக்கீ என்பதை டிக் செய்து, காலத்தை ‘முழுவதும்’ என்று வைத்துத் துடைக்கலாம். ஜெராக்ஸ் கடை நடத்தும் நம் அன்பர்கள் பிரவுசரை மூடும்போதெல்லாம் தானே துடைக்கும்படி அமைத்து வைத்தால் ஊருக்கே உபகாரம். பழைய கம்ப்யூட்டரையோ போனையோ விற்கும் முன் உள்ளே இருப்பதை முழுவதும் அழித்த பிறகே கொடுக்க வேண்டும்.

சட்டமும் வருகிறது

வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், வாங்கிய விவரம் எல்லாம் இனி நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று சட்டம் சொல்கிறது. மளிகைக் கடைக்கு அத்தனை கோடி போடமாட்டார்கள் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கடமை எல்லோருக்கும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

விஷயம் தெரிந்த அன்றே நான் உத்தமபாளையம் பஸ் ஏறினேன். போனில் சொல்லக்கூடிய மன்னிப்பு அல்ல அது. கடையில் ஆட்கள் இருக்கும்போதே, “தம்பி, தவறு என் பக்கம். கம்ப்யூட்டரும் தப்புப் பண்ணும், நானும் தப்புப் பேசிவிட்டேன்” என்றேன். விற்காமல் இருந்த சரக்கை எங்கள் செலவில் திரும்ப எடுத்தோம், விலை இறங்கியதால் அவருக்கு வந்த நட்டத்தைக் கணக்கில் வரவு வைத்தோம். அவர் காபி வாங்கிக் கொடுத்தார். “பணத்தை விடுங்கள் அண்ணே, விலைக்காக மறுக்கிறேன் என்று சொன்னீர்களே, அதுதான்” என்றார். இப்போது பாதிச் சரக்கு எங்களிடம் வாங்குகிறார். மீதிப் பாதி அந்த மண்டியில்தான். அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

பேரேட்டில் தவறாக ஏறிய கணக்கை ஒரு வரியில் திருத்திவிடலாம், வாயிலிருந்து விழுந்த வார்த்தையைத் திருத்துவது அத்தனை சுலபமாக இல்லை. ஆகவே கம்ப்யூட்டர் ஒன்று சொல்லி, நாலு தலைமுறைப் பழக்கமுள்ளவர் வேறொன்று சொன்னால், முதலில் கம்ப்யூட்டரைச் சோதித்துப் பாருங்கள். இன்றைக்கே உங்கள் கடைப் பக்கத்தைத் திறந்து, ‘வெளியேறு’ என்பதை அழுத்தி, பிரவுசரை மூடி, மறுபடியும் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் நிம்மதியாக இருங்கள். கேட்காவிட்டால் பக்கம் செய்து கொடுத்தவரை நாளைக் காலையிலேயே வரச் சொல்லுங்கள்.